இரண்டாயிரம் பவுண்டு ஸ்போர்ட்ஸ் கார்: எடுக்கலாமுங்களா?

"ஏனுங்ணா, ரெண்டாயிரம் பவுண்டுக்கு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் வெளம்பரத்துல கெடக்குது. எடுத்துரலாமுங்களா?"

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து இங்கிலாந்துக்கு வந்து ஒன்றரை, இரண்டு வருஷம் ஆனவர்களின் கேள்வி இது. வெளம்பரத்தில் அதிகம் கிடப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5. வேலை நிலைத்திருக்கும், கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை வெயிலடித்தால் டாப்பை இறக்கிக்கொண்டு ஓட்டிப் போகிறவர்களைப் பார்த்திருப்பார்கள். கோயமுத்தூர் செட்டிபாளையம் ரேஸ் டிராக்கைப் பற்றிப் பேசி வளர்ந்த பையன்களுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

எல்லையோரத்து ஆட்களுக்குப் பழைய வண்டி வாங்கத் தெரியும். கோயமுத்தூரில் வண்டி பார்த்து, என்.ஓ.சி. வாங்கி, வாளையார் தாண்டிக் கொண்டுவந்து, கேரளாவில் மறுபடியும் டாக்ஸ் கட்டி கே.எல். நம்பர் போடுகிற வேலை வீட்டுக்கு வீடு பழக்கம். புகையைப் பார்ப்போம், டயரைப் பார்ப்போம், கதவு இடுக்கில் விரல் வைத்துப் பட்டி பூசியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். இங்கேயும் அந்தக் கண் உதவும். ஆனால் அந்தக் கண்ணுக்குப் பழக்கமில்லாத எதிரி ஒன்று இங்கே உண்டு: உப்பு. குளிர்காலம் முழுக்க, சாலையில் ஈரம் உறைந்து வழுக்காமல் இருக்கக் கல்லுப்பைத் தூவுகிறார்கள். அது கரைந்து, சக்கரம் வாரியடித்து, அடிப்பக்கத்து மடிப்புகளிலெல்லாம் போய் உட்கார்ந்துவிடும். இருபது வருஷக் குளிர்காலம் கண்ட வண்டியில் எஞ்சின் நல்லபடியாக இருக்க, உடம்பு உளுத்துப் போயிருக்கும். எஞ்சினைப் பழுது பார்க்கலாம், வேறொன்று வாங்கியும் மாட்டலாம். உளுத்த உடம்பைச் சரிசெய்யத்தான் வண்டி விலையையே விழுங்கும் அளவுக்குச் செலவாகும்.

வண்டியைப் பார்க்கக் கிளம்பும் முன் உங்கள் நிலையைப் பாருங்கள். இந்திய லைசென்ஸை வைத்துக்கொண்டு, இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதன்பின் ப்ரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்து, தியரியும் பிராக்டிகலும் தேறியாக வேண்டும். ஊரில் பத்து வருஷம் ஓட்டியிருந்தாலும், தேறிய அன்று நீங்கள் பெரும்பாலான இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் கணக்கில் புது டிரைவர். ஆகவே நம்பர் பிளேட்டை வைத்து ஆன்லைனில் இன்ஷூரன்ஸ் தொகையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டி விலைக்குச் சமமான தொகை வந்து நிற்பதும் உண்டு. தேறிய முதல் இரண்டு வருஷத்துக்குள் 6 பெனால்டி பாயின்ட் சேர்ந்தால் லைசென்ஸே ரத்தாகும். ஓவர் ஸ்பீடுக்கு ஒரு தடவைக்குக் குறைந்தது 3 பாயின்ட். ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே தவறில் லைசென்ஸ் போய்விடும்.

லண்டனில் இருப்பவர்களுக்கு யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் எல்லை. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (நகரப் பிரிவுகளும்) அதற்குள் வந்துவிட்டன. பெட்ரோல் வண்டி யூரோ 4 புகைத் தரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டுகிற ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2006க்கு முந்தைய வண்டிகளில் பல இதில் சிக்கும், சில தப்பும். நம்பரைப் போட்டுச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

இனி வண்டி. இந்த விலையில் அதிகம் கிடைப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்தது முதல் தலைமுறை, அதுதான் கண் திறப்பது போல விளக்கு எழும்புகிற வண்டி. 1998 முதல் 2005 வரை இரண்டாவது. அதன்பின் 2015 வரை மூன்றாவது. நாங்கள் விரிவாகச் சொல்லப்போவது முதல் இரண்டையும் பற்றி, ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் கைவைப்பதும் கையைச் சுட்டுக்கொள்வதும் இவற்றில்தான்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய முதல் சோதனை எம்ஓடி வரலாறு. நம்ம ஊர் எஃப்.சி. மாதிரி, மூன்று வயதைத் தாண்டிய கார் வருஷா வருஷம் தேற வேண்டிய பரிசோதனை இது. நம்பர் பிளேட் தெரிந்தால் போதும், அரசாங்கத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனையிலும் ஓடிய மைல் பதிவாகியிருக்கும், அதனால் மீட்டரைத் திருப்பியிருந்தால் உடனே தெரியும். அதைவிட முக்கியம் 'அட்வைசரி' வரிகள். தேறிவிட்டது, ஆனால் கவனி என்று சோதித்தவர் எழுதிவைப்பது. 'சில்லில் துரு' (சில் என்பது கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டி) என்று மூன்று வருஷம் தொடர்ந்து எழுதி, நாலாம் வருஷம் அந்த வரி காணாமல் போயிருந்தால் விற்பவரிடம் ஒரே கேள்வி: வெல்டிங் பில் எங்கே, போட்டோ எங்கே? இரண்டும் இருந்தால் நல்ல வண்டி. இல்லையென்றால் துருவின் மேலேயே கறுப்பு அண்டர்சீல் (அடிப்பக்கப் பூச்சு) அடித்து மூடியிருக்க வாய்ப்பு அதிகம்.

நேரில் போகும்போது எடுத்துப் போக வேண்டியவை: நல்ல டார்ச், பழைய பெட்ஷீட், துணி சுற்றிய சின்னக் காந்தம், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மழை பெய்கிற நாளில் போகாதீர்கள். நனைந்த பெயின்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

பெட்ஷீட்டை விரித்துப் பின்சக்கரத்துக்கு முன்னால் படுங்கள். கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் இரும்புப் பெட்டிதான் சில். கூரையில்லாத வண்டிக்கு முதுகெலும்பு மாதிரி. இது உளுத்தால் வண்டியே நடுவில் தொய்யும். சில்லின் பின்கோடி, பின்சக்கர வளைவோடு சேருகிற ஒரு சாண் நீளத்தில்தான் நோய் ஆரம்பிக்கும். காந்தத்தை அங்கே ஒட்டிப் பாருங்கள். முன்பக்கம் 'டக்'கென்று பிடிக்கிற காந்தம் பின்கோடியில் வழுக்கி விழுந்தால், உள்ளே இருப்பது இரும்பில்லை, பட்டி. கட்டைவிரலால் அழுத்துங்கள். பெயின்ட் குமிழ் விட்டிருந்தாலோ மொறுமொறுவென்று நொறுங்கும் சத்தம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். சீட் பெல்ட், சஸ்பென்ஷன் மாதிரியானவை பூட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் துரு பெலத்தைத் தின்றிருந்தால் எம்ஓடி தேறாது. அங்கே பட்டி பூசியும் ஒப்பேற்ற முடியாது, வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பக்கத்துக்கே பல நூறு பவுண்டு. பொதுவாக ஒரு பக்கம் மட்டும் போவதில்லை.

அந்த இடம் ஏன் உளுக்கிறது? டாப்பின் மேல் விழும் மழைத்தண்ணீர் சீட்டுக்குப் பின்னால், சீட் பெல்ட் கம்பத்தை ஒட்டிய ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் வடிய வேண்டும். நிழலுக்காக மரத்தடியில் நிறுத்துவது நம் வழக்கம். இங்கே இலையுதிர்காலத்தில் மரத்தடியில் நிற்கிற வண்டியின் அந்த ஓட்டை இலைச்சருகால் அடைந்துபோகும். தண்ணீர் வழி தவறி உட்பக்கமே இறங்கித் தேங்கும். வெளியிலிருந்து உப்பு, உள்ளிருந்து ஈரம், நடுவில் மெல்லிய தகடு. அதற்குத்தான் தண்ணீர் பாட்டில். விற்பவரிடம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பக்க ஓட்டையிலும் கால் லிட்டர் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடியில் பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பின்மூலையைத் தொட்டுப் பாருங்கள். ஈரவாடை அடிக்கிற வண்டிக்குச் சில்லும் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் தலைமுறை என்றால் முன்பக்கமும் குனிய வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னால், ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பி) பிடித்திருக்கும் பகுதியைச் சுற்றியுள்ள சேசிஸ் ரெயில், அதாவது வண்டியைத் தாங்கும் நீளச் சட்டம், இரட்டைத் தகடால் ஆனது. அந்த இடுக்கில் தண்ணீர் நின்று உள்ளிருந்தே அரிக்கும். அடியில் பிளாஸ்டிக் மூடி இருப்பதால் வெளியே தெரியாது. மேலே பளபளக்கும் வண்டியில் இங்கே விரல் நுழையும் ஓட்டை இருப்பது சர்வசாதாரணம். மூடியைக் கழற்றிப் பார்க்க விற்பவர் விடமாட்டேன் என்றால் பேரமே வேண்டாம். பக்கத்துக் கராஜில் ராம்பில் ஏற்றி அரை மணி நேரம் காட்டுவதற்குக் கொடுக்கும் காசுதான் இந்த வியாபாரத்தில் நல்ல செலவு.

'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயரில் ஜப்பானிலிருந்து வந்த முதல் தலைமுறை வண்டிகளும் இருக்கின்றன. உப்பு அதிகம் படாத ஊரில் ஓடியிருந்தால் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும். அண்மையில் வந்தது என்றால் நல்லது. வந்து இருபது வருஷம் ஆகியிருந்தால் அதுவும் இங்கத்திய வண்டிதான்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் முதல் தலைமுறையின் 1.6, 1.8 லிட்டர் எஞ்சின்கள் இரண்டுமே கெட்டி. வண்டியைச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் டாப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) கொஞ்ச நேரம் 'டிக் டிக்' என்றால் பயப்பட வேண்டாம், பல நேரம் ஆயில் மாற்றினாலே சரியாகும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியிலுள்ள சீல்) போயிருக்கும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் சீக்கிரம் வெடிக்கப்போகிறது என்று அர்த்தம், வெடித்தால் ஹெட்டும் சேர்ந்து போகும். டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை. வாட்டர் பம்ப் அதற்குப் பின்னாலேயே இருப்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றிய பில் கேளுங்கள். 1989 முதல் 1991 வரையான சில 1.6 எஞ்சின்களில் கிராங்கின் (எஞ்சினின் சுழல்தண்டின்) முன்மூக்கு குட்டை. பெல்ட் வேலையின்போது போல்ட்டைச் சரியாக முறுக்காவிட்டால், புல்லியைத் தண்டோடு பிடித்திருக்கும் சின்ன இரும்புத் துண்டு தேய்ந்து புல்லி ஆடும். எஞ்சின் ஓடும்போது கீழ்ப் புல்லி நேராகச் சுழல்கிறதா என்று பாருங்கள்.

கியர் குளிரில் இரண்டாவதுக்கு முரண்டு பிடிக்கும், அது இயல்பு. பத்து நிமிஷம் ஓடிய பிறகும் கரகரத்தால், கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ போய்விட்டது. கிளட்ச் பெடல் தொளதொளவென்று இறங்கினால் கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கோளாறு; மலிவான சாமான், விலையைக் குறைத்துப் பேச மட்டும் பயன்படுத்துங்கள். பின்பக்க பிரேக் காலிப்பர் (பிரேக்கைப் பிடிக்கும் கவ்வி) இறுகிப்போவதும் இந்த வண்டியின் பழக்கம். லேசான சரிவில் ஹேண்ட் பிரேக்கை விட்டதும் வண்டி தானாக லேசாக உருள்கிறதா பாருங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருஷத்தின் 23ஆவது வாரம். தேய்மானமே இல்லாத பத்து வயசு டயர் மழையில் பிடிக்காது, அதுவும் பின்சக்கரம் தள்ளுகிற வண்டியில்.

இதே விலையில் வேறு பெயர்களும் ஆசை காட்டும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8இன் ரோட்டரி எஞ்சினைக் கம்ப்ரெஷன் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் தொடாதீர்கள். சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் அது முடிவின் அறிகுறி. டொயோட்டா எம்ஆர்2 மூன்றாம் தலைமுறையில் முன் கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பொடிந்து எஞ்சினுக்குள்ளேயே இழுபடலாம். முதல் தலைமுறை போர்ஷே பாக்ஸ்டர் விலையில் மட்டும்தான் மலிவு, அதன் எஞ்சினுக்குள் இருக்கும் ஐஎம்எஸ் பேரிங் உடைந்தால் எஞ்சினே போச்சு. முதல் ஸ்போர்ட்ஸ் காராக இந்த மூன்றையும் நாங்கள் சொல்லமாட்டோம்.

காகிதத்துக்கு வருவோம். வி5சி என்கிற லாக்புக் நம்ம ஆர்.சி. மாதிரி தோன்றும், ஆனால் அதில் பெயர் இருப்பவர் உரிமையாளர் என்று அது சொல்லவில்லை, பதிவுக்காரர் என்றுதான் சொல்கிறது. ஊரில் ஹெச்.பி. கேன்சல் ஆகியிருக்கிறதா என்று ஆர்.சி.யிலேயே பார்ப்போம். இங்கே பாக்கிக் கடன் லாக்புக்கில் தெரியாது. அதற்குத் தனியாகக் காசு கொடுத்து ஹிஸ்டரி செக் எடுக்க வேண்டும். விபத்துக்குப் பின் இன்ஷூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்ட வண்டியா என்பதும் அதில் வரும்: கேட்டகரி எஸ் என்றால் கட்டமைப்பில் அடி, கேட்டகரி என் என்றால் மற்றவை. 2017க்கு முன் இவற்றுக்குப் பதில் சி, டி என்று இருந்தன. தனியாளிடம் வாங்கினால் அவர் சொன்னபடி வண்டி இருக்க வேண்டும் என்பதைத் தாண்டிப் பெரிய பாதுகாப்பில்லை. டீலரிடம் வாங்கினால், ஏற்கெனவே குறையோடு விற்ற வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க 2015 நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. ரோடு டாக்ஸ் வண்டியோடு கைமாறாது. உங்கள் பெயரில் டாக்ஸும் இன்ஷூரன்ஸும் போட்ட பிறகே சாவியைத் திருகுங்கள். 2001 மார்ச்சுக்கு முன் பதிவான வண்டிக்கு டாக்ஸ் எஞ்சின் அளவை வைத்து. 1549 சி.சி.க்கு மேல் கூடுதல், ஆகவே 1.6 லிட்டர் எஞ்சினும் அதிகக் கட்டணத்தில்தான் விழும்.

எடுக்கலாமா என்றால்: வேலைக்குப் போக வேறு வண்டியோ பஸ்ஸோ இருந்து, வண்டி விலையில் பாதியைத் தொடாமல் தனியே வைக்க முடிந்தால், எடுங்கள். தாராளமாக எடுங்கள், இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு சந்தோஷமாக ஓடுகிற வண்டி கிடைப்பது அரிது. வீட்டுக்கு ஒரே வண்டி இதுதான் என்றால் வேண்டாம். ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்து இறங்கினால் ஏர்போர்ட்டிலிருந்து ஒருவரைத்தான் கூட்டிவர முடியும்.

"திரும்பிப் போறப்ப ஊருக்கே கொண்டு போயிருவனுங்" என்று கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. இங்கேயும் வலதுகை ஸ்டியரிங் என்பதால் வரும் நினைப்பு. மூன்று வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய இந்திய விதி இடம் தருவதில்லை. ஆகவே அது இங்கேயே ஓடப்போகிற வண்டி. அக்டோபர் பிறந்ததும் தண்ணீர் வடியும் ஓட்டைகளில் மெல்லிய பிளாஸ்டிக் ஒயரை விட்டுச் சருகை எடுங்கள். உப்புத் தூவும் மாதங்களில் வாரம் ஒருமுறை அடிப்பக்கத்துக்கும் சக்கர வளைவுகளுக்கும் ஹோஸ் தண்ணீர் அடியுங்கள். சில்லுக்குள் துருவைத் தடுக்கும் வேக்ஸ் அடிக்கிற வேலையைக் கோடையில், இரண்டு வாரம் காய்ந்த வண்டியில் செய்யுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.