தனுஷ்கோடி எனும் வில்முனை

நேற்று அம்மாவோடு தனுஷ்கோடி போயிருந்தேன். தனுஷ் என்றால் வில், கோடி என்றால் நுனி. விபீஷணன் கேட்டுக்கொண்டதால் ராமர் வில்லின் நுனியால் சேதுவை உடைத்தாராம், ஊர்க்கதை. எனக்கென்னவோ தெருக்கோடி என்கிறோமே, அந்தக் கோடிதான் மனசில் நிற்கிறது. ரோடு அரிச்சல்முனையில் முடிகிறது. அப்புறம் கடல்தான்.

1914 முதல் இங்கிருந்துதான் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே அலை கொண்டுபோனது. அதில் 100 பேருக்கு மேல் இருந்தார்கள், யாருமே பிழைக்கவில்லை. வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தும், மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இன்னும் இங்கேதான் இருக்கின்றன.

மணல் ஊற்றுத் தண்ணி கொடுத்தார் ஒரு அக்கா. கடலுக்கு இத்தனை பக்கத்தில் அப்படியொரு தித்திப்பு! இடிந்த சர்ச் சுவரின் பவளக்கல்லை அம்மா ரொம்ப நேரம் தடவிக்கொண்டே நின்றார்.