கல்லில் இருந்த 'கஅஎரு'

இலங்கையில் மாத்தளைப் பக்கம் தேயிலைக்கு நடுவே இருக்கிற சின்ன பப்டிஸ்ட் கோவில் அது. எங்கள் அப்பாவின் கொள்ளுத்தாத்தா அங்கே உபதேசியாராக, அதாவது சபையில் வேதம் போதிப்பவராக, இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய இறப்புப் பதிவைத் தேடி எடுக்க எனக்கு ஒன்பது மாதம் ஆனது. இதே தேடலில் இருக்கும் மலையக ஆட்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1867இல் வந்தது. அதை நம்பி முதலில் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். இறந்த ஆண்டு தெரியாமல் தேட முடியாது என்றார்கள். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் அதே பதில்தான்.

சரி, கோவில் புத்தகங்களைப் பார்ப்போம் என்று போதகர் ஐயாவிடம் போனேன். பப்டிஸ்ட் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்து, விசுவாசத்தை அறிக்கை செய்த பிறகுதான் தண்ணீரில் முழுக்குக் கொடுப்பார்கள். அதனால் ஞானஸ்நானப் பதிவை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட முடியாது. அங்கத்தவர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது, அதன் மேல் ஒரு கோடும் இருந்தது. இறந்துபோனாலும் கோடுதான், வேறு ஊருக்குப் போனாலும் கோடுதான் என்றார் ஐயா.

மிச்சம் இருந்தது கல்லறைத் தோட்டம். வெள்ளைக்காரத் துரைமார் கல்லறைகளை நின்றபடியே வாசித்துவிடலாம். எங்கள் சனங்களில் பெரும்பாலானோருக்குக் கல்லே கிடையாது. மண்மேடும் மரச்சிலுவையும்தான், சிலுவையும் நாலைந்து மழைக்காலத்தில் உக்கிப்போகும். உபதேசியார் என்பதால் இவருக்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். பாதி மண்ணுக்குள் புதைந்து, பாசி மூடிக் கிடந்தது.

உதவிக்கு வந்த தம்பி கம்பி பிரஷ்ஷும் அசிட்டும் கொண்டுவந்தார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள், பாசியோடு எழுத்தும் போய்விடும். வெறும் தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்தோம். அப்புறம் பொழுது சாயும்வரை காத்திருந்து, டார்ச்சைக் கல்லின் ஓரத்தில் படுக்கவைத்து அடித்தோம். பகலில் மொட்டையாகத் தெரிந்த கல்லில் வரி வரியாக எழுத்து எழுந்து வந்தது. காலில் அட்டை ஏறியதைக்கூட நான் கவனிக்கவில்லை.

எழுத்து தெரிந்தது, பொருள் பிடிபடவில்லை. 'காததருககுள நிததிரை' என்று இருந்தது. யார் இந்தக் காத்தர் என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்தேன். பழைய எழுத்தில் புள்ளி வைக்காமல் விடுவது வழக்கம். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். அப்படி வாசித்தால் 'கர்த்தருக்குள் நித்திரை', இறந்துபோனார் என்பதைத்தான் அப்படி எழுதுவார்கள். அடியில் தனியாக 'கஅஎரு' என்று நாலு எழுத்து. கல் செதுக்கியவரின் பெயராக இருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அத்தைக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தவர், "இது எழுத்தில்லையப்பா, இலக்கம்" என்றார். அவருடைய பழைய வேதாகமத்தில் அதிகார எண்களெல்லாம் தமிழ் இலக்கத்தில்தான் இருக்கின்றன. ௧ ககரம் மாதிரி, ௮ அகரம் மாதிரி, ௭ எகரம் மாதிரி, ௫ 'ரு' மாதிரி. ௧௮௭௫. 1875.

இந்த மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. அதில் இலைநோய் கண்டது 1869இல், கோப்பி அழிந்து தேயிலை பரவ அதற்குப் பிறகும் பல வருடம் ஆனது. இன்று கல்லறையைச் சுற்றி நிற்கும் தேயிலையை அவர் பார்த்திருக்க மாட்டார் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆண்டோடு போனதும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஐந்து வாரத்தில் பிரதி கிடைத்தது. காரணம் காய்ச்சல். அறிவித்தவர் மனைவி, கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சிலுவைக் கீறல், பக்கத்தில் அவர் பெயர். அந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாமல் இருந்தது.

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு வேதாகமத்தை எடுத்து, குடும்பப் பெயர்கள் எழுதியிருக்கும் முன்பக்கத்தைத் திறந்து, பேனாவை என் கையில் தந்தார்.