56 டிகிரி: ஹார்ன்பிளண்டை நான் படித்த விதம்

பி.எஸ்சி. நிலவியல் செய்முறைத் தேர்வில், ஸ்பாட்டர் மேசையில் (பார்த்துப் பெயர் எழுத வேண்டிய மாதிரிகள் வைக்கும் மேசை) கறுப்பாக, கனமாக, மினுமினுப்பாக ஒரு துண்டு இருந்தது. யோசிக்காமல் 'ஆகைட்' என்ற கனிமத்தின் பெயரை எழுதிவிட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் அதே துண்டை என் கையில் கொடுத்து, "ஏம்மா, பிளவு பாத்தியா?" என்றார். பிளவு என்றால் கனிமம் உடையும்போது தளம் தளமாகப் பிரியும் விதம். நான் அதைப் பார்க்கவே இல்லை. அந்தத் துண்டு ஹார்ன்பிளண்ட் என்ற வேறு கனிமம்.

மதிப்பெண் போனதைவிட வேறொன்றுதான் உறுத்தியது. நான் தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்துக்காரி. சின்ன வயதிலிருந்து அந்தக் கனிமம் கிடக்கிற பாறைமேல்தான் ஏறி விளையாடியிருக்கிறேன். அடுத்த தேர்வுக்குள் அதை முழுசாகப் படித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். எனக்குக் கைகொடுத்ததைச் சொல்கிறேன்.

பண்புகளை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஹார்ன்பிளண்டின் கடினத்தன்மை 5 முதல் 6, ஆகைட்டுக்கு 5.5 முதல் 6. ஒப்படர்த்தியும் இப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். நிறம் இரண்டுக்குமே கரும்பச்சை அல்லது கறுப்பு. இவற்றை வைத்துப் பிரிக்கப் போனால் நான் ஏமாந்த மாதிரிதான் ஏமாறுவீர்கள். ஹார்ன்பிளண்ட் சேர்ந்த கனிமக் குடும்பமான ஆம்பிபோல் என்ற பெயருக்கே கிரேக்கத்தில் 'இருபொருள்படுவது' என்றுதான் அர்த்தம். பிளவுக் கோணம் மட்டும் ஏமாற்றாது. ஹார்ன்பிளண்டில் 56, 124 டிகிரி. ஆகைட்டில் ஏறக்குறைய 90.

ஏன் என்று புரிந்தால் எண் மறக்காது. ஆகைட்டின் குடும்பமான பைராக்சீனில் சிலிக்கா நான்முகிகள் (சிலிக்கனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த அலகுகள்) ஒற்றைச் சங்கிலியாகக் கோத்திருக்கும். ஆம்பிபோலில் இரண்டு சங்கிலிகள் பக்கவாட்டில் இணைந்து பட்டையாக இருக்கும். உடையும்போது சங்கிலி அறுபடாது. சங்கிலிகளுக்கு இடையில் பிணைப்பு தளர்ந்த வழியாகவே பிளக்கும். பட்டை அகலமானதால் அதைச் சுற்றிக்கொண்டு போகும் பிளவும் சாய்ந்துவிடுகிறது. இதைப் படம் போட்டு எழுதினால் விடை தனியாகத் தெரியும்.

வீட்டில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 56 டிகிரிக்கு ஒரு முனை, 90 டிகிரிக்கு ஒரு முனை வெட்டிக்கொண்டேன். கல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் நீளவாக்கில் கோடுகள் மட்டும்தான் தெரியும். படிகத்தின் தலைப்பகுதி கண்ணுக்கு நேராக வரும்வரை கல்லைத் திருப்புங்கள். பத்து மடங்கு லென்ஸில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்டு சாய்சதுரமாக, கிட்டத்தட்ட ஒரு மைசூர்பாகுத் துண்டு போலத் தெரியும். அங்கே அட்டையை ஒட்டிப் பிடித்தால் போதும். முதல் தடவை அது பொருந்தியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் கிடைக்கும் இடம். இதில் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் பெரிய கொடுப்பினை. கிருஷ்ணகிரிக்கு வடக்கே ஆம்பிபோலைட் நிலை (நடுத்தர வெப்பத்தில் உருமாறிய) நைஸ், அதாவது பட்டை பட்டையான உருமாறிய பாறை; காவேரிப்பட்டணம், காரிமங்கலம் தாண்டித் தெற்கே தர்மபுரிப் பக்கம் வர வர கிரானுலைட் நிலைக்கு (இன்னும் அதிக வெப்பத்தில் உருமாறியது) மாறி, ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சீன் உள்ள சார்னோகைட் பாறை வருகிறது. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில், பூமிக்குள் ஒரு காலத்தில் ஆழமாகவும் சூடாகவும் இருந்த பகுதியை நோக்கி இறங்குகிறோம். ஹார்ன்பிளண்டுக்குள் ஹைட்ராக்சில் வடிவில் சுமார் 2 சதவீதம் நீர் உண்டு. வெப்பம் ஏறும்போது ஹார்ன்பிளண்ட் குவார்ட்ஸோடு வினைபுரிந்து, நீரை இழந்து, பைராக்சீனாகவும் பிளேஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பாராகவும் மாறுகிறது. 'சார்னோகைட்டில் ஹைப்பர்ஸ்தீன் எப்படி வந்தது?' என்று கேட்டால் இங்கிருந்து தொடங்குங்கள். மாற்றம் முழுமையாக நடக்காததால் சார்னோகைட்டிலும் ஹார்ன்பிளண்ட் மிச்சமிருக்கும். 'அங்கே இல்லவே இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

நுண்ணோக்கியில் ஒரே விஷயம்: மேடையைச் சுழற்றினால் ஹார்ன்பிளண்ட் மஞ்சள்பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு மாறும், ஆகைட் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

மாதிரி சேர்க்கப் போகிறவர்களுக்கு: கல்குவாரிக்குள் கேட்காமல் நுழைய வேண்டாம், கண்ணாடி போடாமல் சுத்தியலை எடுக்க வேண்டாம். 'பிளாக் கிரானைட்' என்று விற்கும் கறுப்புக் கல்லைப் பொறுக்கி ஹார்ன்பிளண்ட் என்று சீட்டு ஒட்டிவிடாதீர்கள். நம் பக்கம் அது பெரும்பாலும் டோலரைட் என்ற வேறு பாறை. அதன் கறுப்பு முக்கியமாகப் பைராக்சீனிலிருந்து வருவது. வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக ஓடும் நைஸை எடுங்கள். அந்தக் கறுப்புப் பட்டையில் செதில் செதிலாக நகத்தில் உரிவது பயோடைட் என்ற கறுப்பு அபிரகம். உரியாமல், குச்சி குச்சியாக நீண்டு கிடப்பதன் தலைப்பில் அட்டையை வைத்துப் பாருங்கள்.