7:40 மணிப் பள்ளியும் ரேடியல் சாலைக் கோடும்

ஜனவரி 20, செவ்வாய்

பள்ளியிலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. ஜூன் முதல் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை காலை 7:40க்கு மணி அடிக்கும், ஒன்று முதல் ஐந்து வரை 9:00 மணிக்கு. இப்போது எல்லோருக்கும் 8:40. அடுத்த பத்தியில் இன்னொரு அறிவிப்பு. மேடவாக்கம் தாண்டிக் கட்டியிருக்கும் புதுக் கிளைக்கு, பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலைக்குத் தெற்கே குடியிருக்கும் பிள்ளைகள் எல்லோரையும் எட்டாம் வகுப்பு வரை மாற்றுகிறார்களாம். ஒன்பதுக்கு மேல் இப்போது இருக்கும் மடிப்பாக்கம் பள்ளியிலேயே தொடரலாம்.

நாங்கள் இருப்பது அந்தச் சாலைக்குத் தெற்கே, கோவிலம்பாக்கம். ஆக, ஜூனில் பத்தாவது போகும் பெரியவள் வடக்கே ஒரு பள்ளிக்கு 7:40க்கு, நான்காவது போகும் சின்னவன் தெற்கே இன்னொரு பள்ளிக்கு 9 மணிக்கு. இரண்டு சீருடை ஒரே நிறம், அவ்வளவுதான் பொது.

இரவே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேடவாக்கம் பிரதான சாலை முழுக்க மெட்ரோ வேலை, தகரத் தடுப்பு போட்டு ஒரு வண்டி போகும் அகலம்தான் விட்டிருக்கிறார்கள். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை வரும் தடம் எங்கள் சாலை வழியாகத்தான் போகிறது. அதனால் பள்ளிப் பேருந்து சுற்றிப் போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு 7:40க்குள் சேர வேண்டுமென்றால் எங்கள் தெருமுனைக்கு 6:35க்கு வந்தாக வேண்டும். அவள் 5:15க்கு எழுந்திருக்க வேண்டும். ஜனவரி கடைசியில் சென்னையில் சூரியன் உதிக்கவே 6:35 ஆகிவிடும். விடிந்தும் விடியாமலும் வந்து நிற்கப்போகும் பிள்ளைகள்.

ஜனவரி 22, வியாழன்

மாமனார் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு, நல்லதுதானே என்கிறார். "விடியக்காலையில படிச்சாத்தாம்மா மனசுல நிக்கும். நாங்கெல்லாம் அஞ்சு மணிக்கு எழுந்து படிச்சவங்கதான்." அவர் சொல்வதை நான் தள்ளவில்லை. ஆனால் "எத்தனை மணிக்கு மாமா படுப்பீங்க?" என்று கேட்டதற்கு, எட்டு, எட்டரைக்கெல்லாம் ஊரே அடங்கிவிடும் என்றார். இங்கே அந்த எட்டரைக்கு அவள் டியூஷன் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மறுநாள் வீட்டுப்பாடம் முடித்து, படுக்கப் பத்தே முக்கால். இப்போது 6:15க்கு எழுகிறாள், ஏழரை மணி நேரம் கிடைக்கிறது. ஜூனுக்கு அப்புறம் ஆறரை. 13 வயதிலிருந்து 18 வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும் என்று தூக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள், ஏழரையே குறைச்சல்தான்.

சீக்கிரம் படுக்க வைத்துப் பார்க்காமல் இல்லை. விளக்கை அணைத்தாலும் விழித்துக்கொண்டே கிடக்கிறாள். இது பிடிவாதம் இல்லை, பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரக்கும் நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. எட்டு வயதுக்காரன் ஒன்பது மணிக்கு சோபாவிலேயே சாய்ந்துவிடுவான், பதினாலு வயதுக்காரிக்கு அப்போதுதான் மூளை விழித்திருக்கும். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014லேயே நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. கலிபோர்னியாவில் 2022 ஜூலையிலிருந்து உயர்நிலைப் பள்ளி 8:30க்கு முன்னால் கூடாது என்பது சட்டமாகவே அமலில் இருக்கிறது. நம் பள்ளி அதற்கு நேர் எதிராகப் பெரியவர்களை முன்னால் தள்ளுகிறது.

இன்று அவளுடைய அறிவியல் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். வெங்காயத் தோல் செல் படம். உட்கரு என்று பெயர் எழுத இழுத்த பென்சில் கோடு நேராகப் போய், பாதியில் கீழே வளைந்து, பக்கத்தின் ஓரம் வரை வழிந்து நிற்கிறது. அந்த இடத்தில் தூங்கியிருக்கிறாள். அதை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருக்கிறாள், ஆனால் பென்சில் அழுத்திய தடம் தாளில் அப்படியே இருக்கிறது. 8:40 பள்ளிக்கே இது.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றத்துக்குப் போனபோது வாசலில் பெற்றோர் கூட்டம், பேச்செல்லாம் இதுதான். எங்கள் பேருந்து ஓட்டும் அண்ணனிடம் கேட்டேன், அவர் ஒளிக்காமல் சொன்னார். "ரெண்டு கிளைக்கும் இதே வண்டிங்கதாம்மா. புது வண்டி வாங்கல. பெரிய பசங்கள முதல் ட்ரிப்ல இறக்கிட்டு வந்து சின்னப் பசங்கள ரெண்டாவது ட்ரிப்ல ஏத்தணும். அதுக்குத்தான் இந்த டைமு." வண்டியில் வரும் ஆயாம்மா பெரும்பாக்கத்திலிருந்து வருகிறார். அவரை நாலரைக்கே கிளம்பி வரச் சொல்லியிருக்கிறார்களாம். 2012இல் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் போட்டபோது உதவியாளர் கட்டாயம் என்று சேர்த்தார்கள், அது நல்ல விதி. அந்த உதவியாளர் அந்த நேரத்துக்கு எப்படி வந்து சேருவார் என்று பள்ளி யோசித்ததாகத் தெரியவில்லை.

எல்லோரும் எதிர்ப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஏழாவது படிக்கும் பையனின் அம்மா, ஓ.எம்.ஆரில் வேலை, எட்டரைக்கு உள்ளே இருக்க வேண்டும். "எனக்கு 7:40 வரம்க்கா. இப்போ டெய்லி அவன பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஓடுறேன்" என்றார். அவருக்கு மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இன்னொருவர், மாலை சீக்கிரம் விட்டால் பையன் வெளிச்சத்தில் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகலாம் என்றார். அதுவும் நியாயம்தான். வெயில் காலத்தில் மத்தியானம் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிடுவதும் நல்லதுதான். ஆனால் இந்த நியாயம் எதையும் பள்ளி யோசித்து 7:40 என்று முடிவு செய்யவில்லை. வண்டி எண்ணிக்கையை வைத்து முடிவு செய்திருக்கிறது. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

ஜனவரி 31, சனி

இன்று கூட்டம். முதலில் கூட்டம் என்றே இல்லை, பல பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்த பிறகுதான் அழைத்தார்கள். அரசுப் பள்ளியாக இருந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழு இருந்திருக்கும், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. பணம் கட்டிப் படிக்க வைக்கும் எங்களுக்கு சுற்றறிக்கை வரும், அப்படியொரு குழுவில் நாற்காலி கிடையாது. இதை அங்கேயே எழுந்து சொன்னேன். தாளாளர் குறித்துக்கொண்டார்.

நான் கேட்டது ஒன்றுதான். இரண்டு ட்ரிப் தவிர்க்கவே முடியாது என்றால், வரிசையை மாற்றுங்கள். சின்னவர்கள் எட்டேகாலுக்கு, பெரியவர்கள் ஒன்பதுக்கு. வண்டியும் அதேதான், செலவும் அதேதான். உடனே ஒரு அப்பா, மகாராஷ்டிராவில் 2024இல் நான்காவது வரைக்குமான பிள்ளைகளுக்குப் பள்ளி ஒன்பது மணிக்கு முன்னால் கூடாது என்று அரசே உத்தரவு போட்டதே, நீங்கள் சின்னவர்களை முன்னால் தள்ளுகிறீர்களே என்றார். நல்ல கேள்வி. ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிக்கொண்டிருந்த பள்ளிகளுக்குத்தான் அந்த உத்தரவு தேவைப்பட்டது. எட்டேகால் என்பது சின்னவர்களுக்கு இன்றைய நேரத்தைவிட இருபத்தைந்து நிமிடம்தான் முன்னால், ஒன்பது மணிக்குத் தானாகத் தூங்குகிறவர்கள் அவர்கள். சிரமம் மாலையில்தான். சின்னவர்கள் முதலில் வீடு திரும்பினால் அக்காவோ அண்ணனோ வீட்டில் இருக்க மாட்டார்கள், அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் கதவைத் திறக்க யார் இருப்பார்கள்? இதற்கு நாலு மணி வரை பள்ளியிலேயே வைத்துக்கொள்ள ஒரு வகுப்பு வேண்டும், அதற்கு ஆசிரியருக்குச் சம்பளம் தர வேண்டும். அதையும் சேர்த்தே சொன்னேன்.

"லேட்டா வச்சா லேட்டாத்தான் தூங்குவாங்க, எல்லாம் செல்போன்தான்" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல், பாதி அரங்கு கை தட்டியது. சியாட்டில் நகரத்தில் 2016இல் உயர்நிலைப் பள்ளிகளை 7:50லிருந்து 8:45க்கு மாற்றினார்கள். மாணவர்கள் கையில் கருவி கட்டி அளந்து பார்த்ததில் சராசரியாக 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். அங்கேயும் செல்போன் உண்டு. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் எல்லைக் கோடு பற்றிப் பேச்சு வந்தது. கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இலவச இடத்தில் எல்.கே.ஜி சேர்ந்து இப்போது மூன்றாவது படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா எழுந்தார், வீட்டு வேலைக்குப் போகிறவர். "வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர்ல இருக்குன்னுதான் சார் இந்தப் பள்ளிக்கூடமே கிடைச்சுது. ரோட்ட தாண்டி நடந்துதான் கொண்டாந்து விடுறேன். இப்போ நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம்னு சொல்லி அவ்ளோ தூரம் அனுப்பினா, வேனுக்கு நான் எங்க போவேன்?" அரங்கில் யாரும் பேசவில்லை. அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தால் பதினைந்து நிமிடம். புதுக் கிளைக்குப் பேருந்து மாறிப் போக வேண்டும். அந்த இடத்துக்கு அடிப்படையே அந்த ஒரு கிலோமீட்டர்தான், அதைப் பிடுங்கிவிட்டால் பெயர்தான் பட்டியலில் மிஞ்சும். கோடு போட்டவர் வரைபடத்தில் தெளிவான ஒரு சாலையைப் பார்த்துப் போட்டிருக்கிறார், சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து யார் நடந்து வருகிறார்கள் என்று பார்த்துப் போடவில்லை.

பதில், "பரிசீலிக்கிறோம்."

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒரே பள்ளிக்கு இரண்டு கிளை, நடுவில் மாவட்ட எல்லை. இதைக் கூட்டத்தில் யாரும் எடுக்கவில்லை, எனக்கு இதுவே பெரிய கவலையாக இருக்கிறது. மடிப்பாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது, 2018இல் சென்னை மாவட்டம் மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தபோது மாவட்டமும் மாறியது. பக்கத்துக் கீழ்க்கட்டளை 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில். நாங்கள் கோவிலம்பாக்கம் ஊராட்சி, 2019இல் பிரித்த செங்கல்பட்டு மாவட்டம். புதுக் கிளையும் அதே மாவட்டத்தில்தான். ஒரே சாலையில் சில கிலோமீட்டருக்குள் இத்தனை நிர்வாகம்.

மழைக்காலத்தில் இதன் அர்த்தம் என்னவென்று இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். விடியக்காலையில் டிவியைப் போட்டுக்கொண்டு ஆட்சியர் அறிவிப்புக்குக் காத்திருப்போம். சென்னைக்கு விடுமுறை, செங்கல்பட்டுக்கு இல்லை, அல்லது தலைகீழாக. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், சென்னை மாவட்டத்தில் பள்ளி உண்டு. இதுவரை இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அறிவிப்பு. ஜூனுக்கு அப்புறம் அவனுக்கு ஒரு ஆட்சியர், அவளுக்கு ஒரு ஆட்சியர். 7:40 பள்ளி என்றால், அறிவிப்பு ஆறரைக்கு வரும்போது பேருந்து ஏற்கெனவே தண்ணீரில் இறங்கியிருக்கும்.

பள்ளிக்கு எழுதிவிட்டேன்: எந்த மாவட்டத்தில் விடுமுறை விட்டாலும் இரண்டு கிளைக்கும் விடுமுறை என்று எழுத்தில் தர வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

பதில் இல்லை. பெரியவளுக்குத் திருப்புதல் தேர்வு.

பிப்ரவரி 7, சனி

புதுச் சுற்றறிக்கை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை 7:40 இல்லை, 8:00. சின்னவர்கள் 9:00 தான், வரிசை மாறவில்லை. ரேடியல் சாலைக் கோடு இனி புதிதாகச் சேருபவர்களுக்கு மட்டும். இப்போது படிப்பவர்கள் விரும்பினால் மாறலாம், கட்டாயம் இல்லை. 25 சதவீத இடத்தில் படிக்கும் பிள்ளைகள் எட்டாவது வரை இருக்கும் இடத்திலேயே இருப்பார்கள் என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு போன் செய்து படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். மழை விடுமுறை பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் சின்னவனும் மடிப்பாக்கத்திலேயே இருப்பான் என்பதால் எங்கள் வீட்டுக்கு அது இப்போதைக்கு வராது. புதிதாகச் சேரப்போகிற வீடுகளுக்கு வரும், அதனால் அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெறப் போவதில்லை.

இருபது நிமிடம் பின்னால் போனதற்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாழ்த்து. கடைசிப் பத்தியை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் காலை 7:10 முதல் 7:55 வரை சிறப்பு வகுப்பு, கட்டாயம். ஜூனில் அவள் பத்தாவது. 8 மணி என்பது அவளுக்கு 7:10, முதலில் சொன்ன 7:40ஐவிட அரை மணி முன்னால், பேருந்து ஆறு மணிக்கே வரும். பொதுத் தேர்வு எழுதப்போகும் வருடத்தில், எல்லா வகுப்பையும்விடக் குறைவான தூக்கம் இவர்களுக்குத்தான்.

9-ஏ, 9-பி, 9-சி பெற்றோரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை, மாலை 3:30க்கு வையுங்கள், இரண்டாவது ட்ரிப்பில் திரும்பட்டும் என்று கேட்கிறோம். பேருந்து அண்ணனிடம் விசாரித்துவிட்டேன், மாலை இரண்டாவது ட்ரிப்பில் இடம் இருக்கிறதாம். மனுவைத் திங்கட்கிழமை கொடுக்கிறோம். ஓ.எம்.ஆர் அம்மாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார், அவர் பையனுக்கும் இன்னும் மூன்று வருடத்தில் பத்தாவது வரும்.