பிக் ஸ்டாரின் ‘தேர்ட்’: ஒலியளவு ஒருவழியாகப் படிந்துவிட்டது

அமெரிக்க ராக் பேண்ட் பிக் ஸ்டாரின் மூன்றாவது ஆல்பம் ‘தேர்ட்’. அதன் 1992 ரைக்கோடிஸ்க் கம்பெனி சிடியின் பாட்டுகளும் 2016 ஆம்னிவோர் கம்பெனி செட்டின் ரஃப் மிக்ஸ்களும் (இறுதி செய்யாத ஒலிக்கலவைகள்) கலந்து நான் போட்ட பட்டியல் இப்போது ஒரே ஆல்பம் மாதிரி ஓடுகிறது. நடுவில் வால்யூமைத் தொட வேண்டியதில்லை.

இந்த ஆல்பத்தின் வரிசையில் யாரும் கைவைக்கலாம். மெம்ஃபிஸ் ஆர்டென்ட் ஸ்டூடியோவில் ஜிம் டிக்கின்ஸன் தயாரிப்பில் 1974இல் தொடங்கிய பதிவு இது. முதல் இரண்டு ஆல்பங்களே விநியோகச் சிக்கலில் கடைகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. இதை வாங்க கம்பெனியே கிடைக்கவில்லை. பிவிசி என்ற கம்பெனி வெளியிட்டபோது 1978. இறுதி வரிசை என்று பேண்ட் எதையும் முடிவு செய்யவில்லை. பிவிசி எல்பியில் ‘தேங்க் யூ ஃப்ரெண்ட்ஸ்’ கடைசிப் பாட்டு, ரைக்கோவில் இரண்டாவது. ரைக்கோ செய்ததுதான் சரி: அதில் ஆல்பத்தை முடிப்பது ‘டேக் கேர்’, அதற்குப் பிறகு வேறு எதுவும் நிற்காது. ‘ஹோலோகாஸ்ட்’, ‘காங்கரூ’ இரண்டையும் பிரிக்கவே கூடாது.

தலைவலி கொடுத்தது ஒலியளவு. ட்ராக் கெய்ன் (ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக ஒரே சத்தத்துக்குக் கொண்டுவருவது) போட்டால் எல்லாமே -18 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) வந்து, மெதுவான ‘பிக் பிளாக் கார்’ ‘கிஸ்ஸா மீ’ அளவுக்குக் கத்தும், ஆல்பம் செத்தது. ஆல்பம் முழுவதையும் ஒரே அளவில் ஏற்றி இறக்கும் ஆல்பம் கெய்னும் உதவாது. 2016 செட்டில் தனி கிட்டார் டெமோக்கள் ஏராளம், அவை சராசரியை இழுத்துவிடும்.

வழி இதுதான். இரண்டு வெளியீட்டிலும் ஒரே மிக்ஸாக இருக்கும் பாட்டுகளில் நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றின் இன்டக்ரேட்டட் லவுட்னஸையும் (முழுப் பாட்டின் சராசரிச் சத்தம்) அளந்து, வித்தியாசத்தைக் குறிக்க வேண்டும். அவற்றின் நடு மதிப்புதான் ஆஃப்செட், அதாவது சரிக்கட்ட வேண்டிய அளவு. சத்தம் கூடுதலான வெளியீட்டின் எல்லாப் பாட்டுகளையும் அந்த அளவுக்கு இறக்க வேண்டும். மற்றதை ஏற்றினால் கிளிப் ஆகலாம், அதாவது உச்சம் வெட்டுப்பட்டு ஒலி சிதையலாம். வித்தியாசங்கள் ஒன்றுக்கொன்று 1 டெசிபலுக்கு மேல் விலகினால், மாஸ்டரிங்கில் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) பாட்டுக்குப் பாட்டு சத்தத்தையோ ஈக்யூவையோ (பாஸ், ட்ரெபிள் அளவுகள்) மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது காதுதான் நீதிபதி. வேலை முழுவதும் 32 பிட் ஃப்ளோட் என்ற துல்லியமான ஃபைல் வடிவத்தில். பிட் குறைக்கும்போது சேர்க்கும் மெல்லிய இரைச்சலான டித்தர் கடைசியில் ஒரே ஒரு முறை.

‘காங்கரூ’வில் யாரும் பாலன்ஸ் தேட வேண்டாம். பேண்டின் பாடகர் அலெக்ஸ் சில்டன் குரலையும் பன்னிரண்டு கம்பி கிட்டாரையும் ஒரே ட்ராக்கில் பதிந்து கொடுத்துவிட்டார்; மற்றதெல்லாம் டிக்கின்ஸன் மேலே அடுக்கியது. அந்தக் குழப்பம்தான் அழகு.

பாட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இன்னும் பாக்கி. சிடியை ஃபைலாக மாற்றும்போது (ரிப்) பாட்டுக்கு முந்தைய மௌனம் முந்திய ஃபைலின் வாலில் ஒட்டிக்கொள்ளும். வரிசையை மாற்றியதும் அது தப்பான இடத்துக்குப் போய்விடும். எல்லா வாலையும் வெட்டி, பொதுவாக 2 நொடி, ‘காங்கரூ’வுக்குப் பிறகு 5 நொடி. சிடியில் எழுதுவதானால் 588 சாம்பிளின் (சிடியில் நொடியின் 75இல் ஒரு பங்கு) மடங்கில் வெட்ட வேண்டும், இல்லையென்றால் ரைட்டர் பூஜ்யத்தை நிரப்பி ஒட்டும் இடத்தில் டிக் என்று ஒரு சத்தம் வைக்கும்.

பழைய ரைக்கோ சிடி தேடுபவர்கள் அட்டையில் 19 பாட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். 14இல் ஆல்பம் முடிகிறது, மீதி ஐந்தும் போனஸ்.

அடுத்து பிக் ஸ்டாரின் முன்னாள் உறுப்பினர் கிறிஸ் பெல்லின் ‘ஐ ஆம் த காஸ்மோஸ்’. சிங்கிள் 1978, ஆல்பம் 1992. டேக்கில் (ஃபைலோடு சேர்த்து எழுதும் விவரங்கள்) எந்த ஆண்டைப் போடுவது என்ற சண்டை அங்கேயும் காத்திருக்கிறது. ‘தேர்ட்’டுக்கு வெளியீட்டு ஆண்டு 1978, பதிவு ஆண்டு தனி ஃபீல்டில் 1974 என்று வைத்தாயிற்று, ரைக்கோவில் போனஸாக வந்த ‘டவுன்ஸ்’ பாட்டு வரிசையில் எங்கே போகும் என்பது மட்டும் முடிவாகவில்லை.