காமிகட்சுவில் தேயிலைப் பீப்பாய் நிரப்பிய கோடை

தொகுஷிமா நகரிலிருந்து கட்சுவுரா ஆற்றை ஒட்டியே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மலைக்குள் போனால் காமிகட்சு வரும். ஜப்பானின் ஷிகொக்கு தீவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் இந்தச் சிற்றூரில் 1,500 பேருக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கும் ஊர் என்றுதான் வெளியுலகம் இதை அறியும். 2003இல் ‘குப்பையே இல்லாத ஊர்’ ஆவோம் என்று அறிவித்ததைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறொன்று. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே பல வீடுகளில் நடக்கும் ‘அவா பன்ச்சா’ என்ற புளித்த தேநீருக்கான வேலை அது. தொகுஷிமாவில் பணிபுரியும் நான், போன கோடையில் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அங்கே போய், பறிப்பது முதல் காயவைப்பது வரை கூடவே நின்று கற்றுக்கொண்டேன்.

எனக்குக் கற்றுத்தந்தவர் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி. எல்லோரையும் போல நானும் அவரை ‘ஒபாச்சான்’ (பாட்டி) என்றே அழைப்பேன். அவர் வீடு ஆற்றிலிருந்து வெகு உயரத்தில், கல் அடுக்கிக் கட்டிய படிவயல்களின் ஓரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே எங்கு பார்த்தாலும் சுகி என்ற ஊசியிலை மரக்காடு. ஒரே உயரத்தில் நெருக்கமாக நிற்கும் அந்த மரங்களுக்கு அடியில் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு. தேயிலைச் செடிகளுக்கென்று தனித் தோட்டம் கிடையாது. கற்சுவர் இடுக்கிலும் வரப்போரத்திலும் விதை விழுந்து தானாக முளைத்தவையே பெரும்பாலும். பூச்சிமருந்து அடிப்பதில்லை.

‘இரண்டு இலை ஒரு மொட்டு’ என்ற வழக்கத்துக்கு இங்கே இடமில்லை. வசந்தத்தில் வரும் கொழுந்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஜூலையில் இலை தடித்து முற்றியபின், கிளையின் அடியைப் பிடித்து நுனிவரை ஒரே இழுப்பில் உருவ வேண்டும். ஒரு செடியை முடித்தால் வெறும் குச்சிதான் நிற்கும். அடுத்த வசந்தத்தில் மீண்டும் தழைத்துவிடும். கையுறை இல்லாமல் இறங்காதீர்கள், விரல் தோல் கிழிந்துவிடும். சரிவில் நின்றபடி, கோடை வெயிலில், இடுப்பில் கூடையோடு செய்யும் இந்த வேலை மிகக் கடினமானது. நம்மைவிட முப்பது, நாற்பது வயது மூத்தவர்கள் அதைப் பேசிக்கொண்டே செய்கிறார்கள்.

பறித்த இலையைப் பெரிய கொப்பரையில் பழுப்பு மஞ்சளாகும்வரை வேகவைத்துத் தேய்க்கிறார்கள். முன்பு படகு வடிவ மரத்தொட்டியில் ஆட்கள் எதிரெதிரே நின்று தேய்ப்பார்களாம். ஒபாச்சான் வீட்டில் இப்போது சிறிய இயந்திரம் இருக்கிறது. இலையின் மேல்தோல் காயப்பட்டால்தான் புளிப்பு ஏறும்.

அடுத்தது பீப்பாய். எல்லாம் தீர்மானமாகும் இடம் இதுதான். தேய்த்த இலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். காற்று தங்கினால் பூஞ்சை பிடிக்கும். இங்கே வேலை செய்வது லாக்டிக் அமில பாக்டீரியா. தயிரைப் புளிக்கவைப்பதும் அதே வகை பாக்டீரியாதான். இதற்கு உறை ஊற்றுவது கிடையாது. ஆண்டுதோறும் புழங்கும் பீப்பாயிலும் கொட்டகையிலும் அது குடியிருக்கிறது. ஓரங்களை நான் இடித்து முடித்தபின் ஒபாச்சான் விரலால் குத்திப் பார்த்து, “இங்கே இன்னும் மூச்சு விடுகிறது” என்று காட்டுவார். மறுபடி இடிப்பேன். மேலே பாஷோ வாழையின் இலையைப் பரப்பி, மரமூடி வைத்து, ஆற்றுக் கற்களை ஏற்றி, இலை வெந்த நீரை ஊற்றினார்கள். பாஷோவின் பழம் உண்ண உதவாது. மூடிப்போடுவதற்கு அந்த இலையைப் போல வருமா!

பிறகு இரண்டு மூன்று வாரம் அதைத் தொடக் கூடாது. அந்த நாள்களில் ஒபாச்சான் இலை வியாபாரத்துக்குத் திரும்பிவிடுவார். 1981இன் கடுங்குளிரில் இப்பள்ளத்தாக்கின் மிகான் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போயின. 1986இல் உணவகத் தட்டுகளை அலங்கரிக்கும் இலைகளையும் பூக்களையும் விற்கத் தொடங்கினார்கள். இன்று அவர் டேப்லெட்டில் ஆர்டர் பார்த்து மேப்பிள் இலையைப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறார்.

பீப்பாயைத் திறக்கும் நாளை வானம்தான் முடிவு செய்யும். காயவைக்கத் தொடர்ந்து வெயில் வேண்டும். நடுவில் மழை வந்தால் அத்தனை உழைப்பும் வீண். ஆகஸ்டில் புயல் வேறு வரும். ஒபாச்சான் வானிலை அறிக்கையைக் கேட்பார், பிறகு எதிர்மலையில் மேகம் எப்படி ஏறுகிறது என்று பார்ப்பார், அதன்பின் எனக்குத் தொலைபேசியில் அழைப்பார். அழைப்பு வந்தால் விடியும் முன்பே அங்கே இருக்க வேண்டும். கல்லை இறக்கி மூடியைத் தூக்கியதும் எழும் புளித்த மணம் முதல் தடவை மூக்கைத் தாக்கும். எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. கட்டியாக வரும் இலையைக் கையால் உதிர்த்து வைக்கோல் பாயில் பரப்பி, வெயில் நகர நகரப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாலைப் பனி இறங்குமுன் உள்ளே எடுத்து, மறுநாள் மீண்டும் பரப்ப வேண்டும். காய்ந்தபின் குச்சியையும் தூசியையும் பொறுக்குவது ஒரு தனி வேலை.

அவா பன்ச்சாவின் நிறம் வெளிர் தங்கம். இதமான புளிப்பு, காஃபீன் குறைவு என்பதால் குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். வெந்நீரில் ஒரு கைப்பிடி போட்டு, ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். பால், சர்க்கரை வேண்டாம்.

2021இல் இந்தத் தயாரிப்பு முறையை ஜப்பான் அரசு முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஊரில் பாதிப்பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். ஒரு வீட்டுக்கு மற்ற வீட்டார் முறைவைத்துக் கைகொடுத்து நடந்த வேலை இது. வீடுகள் பூட்டப்படப் பூட்டப்பட அந்தக் கைகள் குறைகின்றன. ஒபாச்சான் வீட்டுச் செடிகளில் பல இந்த முறை பறிக்கப்படாமலே நின்றன. இலையோ செடியோ அங்கே குறையவில்லை, ஆள்தான் இல்லை. இதை வெறும் சுற்றுலாக் காட்சியாகப் பார்த்துவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜப்பானில் இருக்கும் நம்மவர்கள் யாராவது போக விரும்பினால் ஜூன் மாதமே தெரிந்த வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, அட்டை ஏறாத காலணி கொண்டுபோங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்துவந்துவிடுங்கள், ஏனென்றால் அங்கே குப்பை வண்டி வராது. ஒவ்வொன்றையும் கழுவிப் பிரித்துக் குப்பை சேகரிக்கும் நிலையத்துக்குக் கொண்டுபோவது அந்த முதியவர்கள்தான். அடுத்த ஜூலைக்கு இரண்டு நண்பர்கள் என்னுடன் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒபாச்சான் கேட்டது நான்கு பேர்.