கண்ணில் வலி, கோளாறு பிடரியில்

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் பதினெட்டு வருஷமாகக் கொலுசுக்குப் பத்தவைக்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் குனிந்த தலை சாப்பாட்டுக்குத்தான் நிமிரும். போன வருஷம் சாயங்காலம் நாலு மணியானால் வலது பிடரி இழுக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வலி மண்டைக்கு ஏறி, வலது கண்ணுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். கண்ணாடி மாற்றினேன். சைனஸ் மாத்திரை சாப்பிட்டேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. எட்டு மாதம் இப்படியே ஓடியது.

கடைசியாகப் பார்த்த நரம்பு டாக்டர்தான் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன கிளினிக். போனதும் கரண்ட் வைப்பார்கள் என்று நினைத்தேன். அந்த மேடம் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார். எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்கும்போது சிக்குகிறதா, திடீரென்று கீழே விழுந்ததுண்டா? பிறகு பேனாவைக் கண்ணால் தொடரச் சொன்னார். முகத்தில் பஞ்சால் தொட்டார். கன்னத்தை உப்பி, நாக்கை நீட்டி, அவர் அழுத்த அழுத்தத் தோளைத் தூக்கினேன். மூளையிலிருந்து வரும் நரம்புகளைச் சோதிக்கிறாராம். "இதுல ஏதாவது தப்பா இருந்தா நான் கழுத்தைத் தொடவே மாட்டேங்கண்ணா, நேரா டாக்டர்கிட்ட அனுப்பிடுவேன்" என்றார்.

அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்து, தாடை நெஞ்சில் படுகிற அளவுக்குத் தலையை மடக்கி, அப்படியே பக்கவாட்டில் திருப்பினார். இடப்பக்கம் தாராளமாகப் போனது. வலப்பக்கம் பாதியிலேயே கட்டை போட்டதுபோல் நின்றுவிட்டது. மடக்கிய கழுத்தில் மேல் இரண்டு எலும்புக்கு நடுவில்தான் திருப்பம் நடக்குமாம். 45 டிகிரி அளவுக்கு வர வேண்டிய இடத்தில் எனக்கு 20 தான். அந்த மூட்டில் விரலை வைத்து அழுத்தினார். கண்ணுக்குப் பின்னால் அதே வலி!

"இதேதானுங்களா?"

"இதேதான் மேடம்." எட்டு மாதத்தில் முதல்தடவையாக என் வலியை ஒருவர் தொட்டுக் காட்டினார். கண் கலங்கிவிட்டது.

மேல்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்வதால், கழுத்தில் கிளம்புகிற வலி கண்ணில் தெரியும் என்று விளக்கினார். தினமும் வலி மாத்திரை போடுவதே தலைவலியை வளர்க்கும் என்று சொல்லி, டாக்டரிடம் பேசிக் குறைக்கச் சொன்னார். சலூனில் நெட்டி முறிப்பதை அன்றோடு விட்டேன். திடீரென்று திருகினால் கழுத்து ரத்தக்குழாய் கிழியக்கூடும் என்றார்.

ஆறு வாரம் சிகிச்சை. கையால் மெதுவாக மூட்டைத் தளர்த்துவார். பிடரிக்குக் கீழே காற்றுப்பை வைத்து, அதன் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் 20-லிருந்து 22-க்கு ஏறுமளவு 'ஆமாம்' என்று லேசாகத் தலையாட்டி, பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இவ்வளவுதானா என்றிருந்தது. இரண்டாவது முறையே கழுத்து நடுங்கியது. முன்கழுத்தின் உள்தசை அவ்வளவு சோர்ந்து கிடந்திருக்கிறது. மீட்டர் முள் 30 தொட ஐந்து வாரம் ஆனது.

முதல் இரண்டு வாரம் வலி துளியும் குறையவில்லை. நிறுத்திவிடலாம் என்றேன். வீட்டுக்காரிதான் விடவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் மணி ஆறாகியும் கண் வலிக்கவில்லை.

பலகைக்கு அடியில் இரண்டு ஹாலோ பிளாக் கல்லை வைத்து உயர்த்தினேன். வேலை கண்ணுக்கு நேராக வந்தது. தீபாவளி ஆர்டர் குவிந்தபோது இரண்டு நாள் வலி எட்டிப் பார்த்தது, பயிற்சியிலேயே அடங்கிவிட்டது. எதிரில் உட்காரும் பையனும் இப்போது நெற்றியைப் பிடித்துக்கொள்கிறான். திங்கட்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.